மவுத் ஆர்கன்: யாரிடம் எதைக் கேட்பது?

ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டைப் பக்கம் கேரம் கிளப்புகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே ஆடிப் பழகுகிற பையனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. காய் விழுந்ததா இல்லையா என்பதை அடித்த மறு விநாடியே போர்டு சொல்லிவிடும். ஏன் விழவில்லை என்பதைப் பக்கத்தில் நிற்கிற யாராவது ஒரு அண்ணன் சொல்லிவிடுவார்: "மணிக்கட்டு திரும்புது பாரு." விரலும் மணிக்கட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில்தானே இருக்கு. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இந்த வடசென்னையிலிருந்து போனவர்தான்.

மவுத் ஆர்கன் பழகுகிறவருக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. கருவி உதட்டில் ஒட்டியிருக்கிறது, கை அதை மூடியிருக்கிறது, நாக்கும் தொண்டையும் செய்கிற வேலை வாய்க்குள்ளே நடக்கிறது. கிடாரில் விரல் எங்கே இருக்குன்னு பார்த்துச் சொல்லலாம். மவுத் ஆர்கனில் எதிரே உட்கார்ந்திருக்கிற ஆசிரியருக்கே எதுவும் தெரியாது. வாசிக்கிறவருக்கும் சரியாகக் கேட்காது. சத்தம் முன்பக்கமாகப் போகிறது, காது பின்னால் இருக்கிறது. போதாக்குறைக்கு அதிர்வு பல், தாடை எலும்பு வழியாகவும் காதுக்குப் போவதால், நமக்குக் கேட்பது ஒன்று, எதிரே இருப்பவருக்குக் கேட்பது இன்னொன்று.

அதனால்தான் நிறைய பேரின் மவுத் ஆர்கன் ஆறு மாதத்தில் மேசை டிராயருக்குள் போய்விடுகிறது என்று நினைக்கிறேன். அவர்களுக்குத் திறமை இல்லை என்பதல்ல காரணம். எங்கே நிற்கிறோம் என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் மவுத் ஆர்கன் வாத்தியாரைத் தேடுவது லேசான காரியமில்லை. ஆனால் ஆள் இல்லை என்பது பாதி உண்மைதான். காதுகள் நிறைய இருக்கின்றன, நாம்தான் எல்லாக் காதிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறோம்: "எப்படி இருக்கு?"

"சூப்பர்" ஏன் உதவாது

பின்னூட்டம் என்ற சொல்லில் 'ஊட்டம்' இருக்கிறது. சாப்பிட்டால் உடம்பில் ஒட்டணும். "சூப்பர் மச்சி" ஒட்டாது, "கேவலமா இருக்கு" என்பதும் ஒட்டாது.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1996இல் க்ளூகர், டெனிசி என்ற இருவர் பின்னூட்டம் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை மொத்தமாகச் சேர்த்து அலசினார்கள். சராசரியாகப் பின்னூட்டம் உதவத்தான் செய்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் அது ஆளின் செயல்திறனைக் குறைத்திருந்தது! செய்த வேலையை விட்டுவிட்டுச் செய்த ஆளைப் பற்றிப் பேசும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். 2007இல் ஹேட்டி, டிம்பர்லி எழுதிய கட்டுரையும் இதே திசையில்தான் போகிறது. "நீ கெட்டிக்காரன்" என்பது மாதிரியான பேச்சு கற்றலுக்கு மிகக் குறைவாகவே உதவுகிறது. எதை அடைய வேண்டும், இப்போது எங்கே இருக்கிறோம், அடுத்து என்ன செய்யணும் என்ற மூன்றுக்கும் பதில் சொல்வதுதான் உதவும் என்றார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் கதையைச் சொல்கிறேன். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் ஷிஃப்ட் வேலை. பத்துத் துளை மவுத் ஆர்கன் வாங்கி, வேலை முடிந்து வந்து மொட்டை மாடியில் எட்டு மாதம் பழகினான். நண்பர்கள் எல்லாரும் "சூப்பர்". டிசம்பரில் அவங்க சர்ச்சில் 'சைலண்ட் நைட்' பாட்டுக்கு வாசிக்கச் சொன்னார்கள். ஒத்திகையில் முதல் வரியிலேயே எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். "சேரவே இல்லப்பா" என்றார் ஒருவர். "இன்னும் கொஞ்சம் பழகிட்டு வா" என்றார் இன்னொருவர். பையன் அன்றைக்கே கருவியை டப்பாவில் போட்டு மூடினான். விற்றுவிடலாம் என்றுதான் என்னிடம் பேச வந்தான்.

"கீபோர்டு வாசிக்கிறவர்கிட்ட தனியா கேட்டியா?" என்றேன். கேட்கவில்லை. அடுத்த வாரம் போய்க் கேட்டிருக்கிறான். அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "தம்பி, நீ சி-ல வாசிக்கிற, நாங்க டி-ல பாடறோம்."

அவ்வளவுதான் விஷயம். நம் பாஷையில் சொன்னால், அவன் கருவி ஒரு கட்டை, சர்ச்சில் பாடியது இரண்டு கட்டை. பாட்டு முழுக்க ஒரு முழு ஸ்வரம் தள்ளி நின்றது. பத்துத் துளை மவுத் ஆர்கன் ஒரே ஒரு ஸ்கேலுக்கென்று ட்யூன் செய்து வருகிறது, எவ்வளவு பழகினாலும் அது மாறாது. கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை அழுத்திக் கீழே இறக்கினார். பாட்டு சேர்ந்துவிட்டது.

"சேரவே இல்ல" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது என்ன ஆச்சு என்பதை. ஏன் ஆச்சு என்பது அவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் பையனே ஒரு காரணத்தை வைத்து நிரப்பிக்கொண்டான்: "எனக்கு வராது." பழகுகிறவரை வீழ்த்துவது பெரும்பாலும் இந்த இட்டுநிரப்பல்தான்.

மணலியில் நடந்தது

இந்தச் சிக்கலுக்கு நம்ம ஏரியாவிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. இன்றைக்கு மணலி என்றால் சுத்திகரிப்பு ஆலைதான் ஞாபகத்துக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அது மணலி முதலியார்களின் ஊர். கம்பெனியாருக்கு துபாஷியாக இருந்த முத்துகிருஷ்ண முதலியார், ராமசாமி தீட்சிதர் குடும்பத்தைத் திருவாரூரிலிருந்து இங்கே வரவழைத்து ஆதரித்தார். முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சில ஆண்டுகள் வளர்ந்தது மணலியில்தான். முதலியார் குடும்பத்தோடு கோட்டைக்குப் போய் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டார்கள் என்பது மரபுச் செய்தி. அந்த மெட்டுகளுக்கு தீட்சிதர் எழுதிய சாகித்தியங்கள்தான் நோட்டுஸ்வரங்கள். எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில் அமைந்தவை. இங்கிலாந்து ராஜ கீதத்தின் மெட்டில்கூட ஒன்று உண்டு.

அவருடைய கடைசித் தம்பி பாலுசுவாமி தீட்சிதருக்கு வயலின்மேல் ஆசை வந்தது. முதலியார் ஓர் ஐரோப்பிய வயலின்காரரை ஏற்பாடு செய்துகொடுக்க, மூன்றாண்டுகள் அவரிடம் கற்றுக்கொண்டார் என்கிறது குடும்ப வரலாறு. கர்நாடக இசைக்குள் வயலின் வந்த கதையில் இது முதல் அத்தியாயங்களில் ஒன்று. பிறகு அவர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார்.

எனக்கு இதில் பிடித்தது வேறொரு விஷயம். வில்லை எப்படிப் பிடிப்பது, தந்தியில் எவ்வளவு அழுத்துவது என்பதை அந்த ஐரோப்பியர் திருத்தியிருக்கலாம். ஆனால் பைரவியில் ஒரு கமகம் சரியாக விழுந்ததா என்று அவரால் சொல்லியிருக்க முடியுமா? அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள்: பாடத் தெரிந்த அப்பா, வீணை தெரிந்த அண்ணன். அவர்களுக்கு வயலின் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இது என் ஊகம்தான், ஆனால் வேறு விதமாக நடந்திருக்க வழி இருந்ததாகத் தெரியவில்லை. கருவியைப் பற்றிய கேள்வி கருவி தெரிந்தவரிடம், இசையைப் பற்றிய கேள்வி இசை தெரிந்தவரிடம். ஒரே ஆளிடம் இரண்டும் கிடைக்கணும் என்று காத்திருந்தால் காலம்தான் போகும்.

முதல் காது: கருவியே

யாரிடமும் போவதற்கு முன்னால், கருவியிடமே கேட்கலாம். அதற்குக் கொஞ்சம் உள்கட்டுமானம் தெரியணும்.

சி மவுத் ஆர்கனில் பத்துத் துளை. ஒவ்வொன்றிலும் ஊதினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் ஒரு ஸ்வரம். ஊதினால் எல்லாத் துளையும் ச, க, ப மூன்றையே திரும்பத் திரும்பத் தரும். நடு ஸ்தாயியில், அதாவது 4 முதல் 7 வரையான துளைகளில், சங்கராபரணத்தின் ஏழு ஸ்வரமும் முழுசாகக் கிடைக்கும். ஆனால் கீழே, 1 முதல் 4 வரை, இரண்டு ஸ்வரம் இல்லை: 'ம'வும் 'த'வும். மறந்துபோய் விட்டதல்ல. இழுத்தாலும் ஊதினாலும் பாட்டுக்குத் துணையாகக் கார்டு சத்தம் வரணும் என்று அப்படி அமைத்தார்கள்.

அந்த இரண்டையும் 'பெண்டு' செய்துதான் எடுக்கணும். இரண்டாம் துளையை இழுத்தால் 'ப'. அதை இரண்டு அரை ஸ்வரம் இறக்கினால் 'ம'. மூன்றாம் துளையை இழுத்தால் 'நி'. அதை இரண்டு அரை ஸ்வரம் இறக்கினால் 'த'. உதட்டைக் கடிப்பதாலோ பலமாக இழுப்பதாலோ இது வராது. நாக்கு பின்வாங்கி, வாய்க்குள் இருக்கிற காற்றறையின் அளவு மாறணும். அப்போது இழுக்கும் ரீடின் சுருதி இறங்கி, அதே அறையில் இருக்கிற ஊதும் ரீடு வேலையை எடுத்துக்கொள்கிறது. ஹென்றி பான்சன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், அவரே மவுத் ஆர்கன் வாசிப்பவர், 1998இல் இரண்டு பேரோடு சேர்ந்து இதை ஒலியியல் ஆய்விதழில் கட்டுரையாகவே எழுதினார்.

சரி, 'த' சரியான இடத்தில் விழுந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விடைத்தாள் கருவியிலேயே இருக்கிறது. ஆறாம் துளையை இழுத்தால் அதே 'த', ஒரு ஸ்தாயி மேலே, எந்தப் பெண்டும் இல்லாமல் வரும். 'ம'வுக்கு ஐந்தாம் துளை இழுப்பு. முதலில் மேலே உள்ளதை வாசியுங்கள், மனசில் பாடிக்கொள்ளுங்கள், பிறகு கீழே எடுங்கள். 'சைலண்ட் நைட்' பாட்டின் இரண்டாவது ஸ்வரமே 'த'தான். நம் பையன் அதை ஆறாம் துளையிலிருந்து தொடங்கினால் சுலபம். மூன்றாம் துளையிலிருந்து தொடங்கினால் இரண்டாவது ஸ்வரத்திலேயே பரீட்சை. கீபோர்டு சரியான பிறகுதான் அவனுக்கு இந்த உண்மையான வேலை கண்ணில் பட்டது.

இன்னொரு எச்சரிக்கை. நம் ஊர்க் கடைகளில் அதிகம் கிடைப்பது ட்ரெமலோ வகை, இரண்டு வரிசைத் துளை உள்ளது. அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு ரீடு, வேண்டுமென்றே லேசாக முன்பின்னாக ட்யூன் செய்திருப்பார்கள். அந்த அலையடிப்புதான் அதன் அழகு. ஆனால் அதே அலையடிப்பு சுருதிப் பிசகை மூடி மறைத்துவிடும். சுருதி பழகவும் பெண்டு பழகவும் பத்துத் துளைதான் நேர்மையான கருவி.

இரண்டாம் காது: சுருதிப் பெட்டி

தம்பூரா ஆப்பில் ஒரு கட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்வரத்தை நீளமாக இழுங்கள். இரண்டு சத்தமும் ஒன்றுக்கொன்று கிட்டே இருந்தும் சேராமல் இருந்தால் 'வாங்… வாங்…' என்று ஓர் அலை கேட்கும். ஒன்று விநாடிக்கு 440 அதிர்வு, இன்னொன்று 443 என்றால், விநாடிக்கு 3 அலை. சுருதி நெருங்க நெருங்க அலை மெதுவாகும். சேர்ந்ததும் நின்றுவிடும். கேரம் காய் விழுகிற மாதிரியான உடனடித் தீர்ப்பு இது.

போனில் ட்யூனர் ஆப்பும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் முள்ளைப் பார்த்துக்கொண்டே வாசிக்காதீர்கள். சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் என்ற மூவர் 1984இல் உடல்திறன் கற்றல் பற்றி எழுதியதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் உடனுக்குடன் தகவல் கொடுத்துக்கொண்டே இருந்தால் அப்போதைக்கு நன்றாகச் செய்வார்கள், தகவலை எடுத்துவிட்டால் சரிந்துவிடும். ஊன்றுகோல் பழகிய கால் மாதிரி. அதனால் கண்ணை மூடி வாசித்து, "கொஞ்சம் மேலே இருக்கு" என்று நீங்களே முதலில் தீர்ப்புச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணைத் திறந்து முள்ளைப் பாருங்கள். உங்கள் தீர்ப்பு சரியாக இருந்ததா என்பதுதான் அங்கே நடக்கிற உண்மையான பயிற்சி.

மூன்றாம் காது: நாளைய நீங்கள்

வாரத்துக்கு ஒரு முறை, ஒரே பாட்டு, ஒரு நிமிஷம், பதிவு செய்யுங்கள். போனை இரண்டடி தள்ளி, முகத்துக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் காற்றுச் சத்தம்தான் விழும். எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் வீடு என்றால் லாரி ஓய்கிற நேரம் பார்த்து உட்காரணும், வேறு வழியில்லை.

பதிவை அன்றைக்கே கேட்காதீர்கள். வாசித்த சூட்டில் கேட்டால், வாசிக்க நினைத்ததுதான் காதில் விழும். மறுநாள் கேளுங்கள். மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வியோடு. முதல் முறை: ஒரு துளை மட்டும் ஒலிக்கிறதா, பக்கத்துத் துளையும் சேர்ந்து ஒலிக்கிறதா? இரண்டாம் முறை: மூச்சு எங்கே அறுகிறது, வரி முடிவிலா, வார்த்தை நடுவிலா? மூன்றாம் முறை: தாளம் எங்கே ஓடுகிறது, எங்கே இழுக்கிறது? தேதி போட்டு எழுதி வையுங்கள். நான்கு வாரம் கழித்து முதல் பதிவைக் கேட்டால் ஒரு தெம்பு வரும். யாருடைய "சூப்பரும்" தராத தெம்பு அது.

நான்காம் காது: அக்கம்பக்கம்

இங்கேதான் வடசென்னை ஒரு சொத்து. சர்ச் கொயரில் பாடுகிறவர், பேண்டு செட்டில் டிரம் அடிக்கிறவர், கோயிலில் நாகஸ்வரம் வாசிக்கிறவர், கானா பாடுகிற அண்ணன் என்று தெருவுக்குத் தெரு காது இருக்கிறது. இவர்களில் ஒருவருக்கும் மவுத் ஆர்கன் தெரிய வேண்டாம். அவரவருக்குத் தெரிந்ததை மட்டும் கேளுங்கள்.

டிரம்காரரிடம்: "எந்த இடத்துல வேகம் மாறுது? கையைத் தட்டிக் காட்டுங்க." கொயர்க்காரரிடம்: "எந்த ஸ்வரம் இறங்கி நிக்குது?" நாகஸ்வரக்காரரிடம்: "மூச்சை எங்கே எடுக்கலாம்?" மூச்சுக் கருவியோடு வாழ்கிறவருக்கு அது சொல்லிக்கொடுக்காமலே கேட்கும். கானா அண்ணனிடம்: "இந்த வரில பேச்சு கேக்குதா, வெறும் மெட்டுதான் கேக்குதா?"

இசையே தெரியாதவரிடமும் ஒரு கேள்வி உண்டு. உலகம் முழுக்க மவுத் ஆர்கன் பழகுகிறவர்கள் ஆரம்பத்தில் வாசிக்கிற ஒன்று ரயில். முதல் மூன்று துளைகளில் இழுத்து, ஊதி, மெதுவாகக் கிளம்பி, வேகம் பிடித்து, கூவி, மறுபடி நிற்பது. கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை தண்டவாளத்தை ஒட்டி வாழ்கிற ஜனங்களுக்கு ரயில் கிளம்புவதும் நிற்பதும் தூக்கத்திலும் தெரியும். கரி எஞ்சின் காலத்துப் பெரியவர் ஒருவர் கிடைத்தால் இன்னும் விசேஷம். அவரிடம் "எப்படி இருக்கு தாத்தா?" என்று கேட்காதீர்கள். "வண்டி எங்கே போகுது?" என்று கேளுங்கள். "ஸ்டேஷன்ல நிக்கிறதுக்கு முன்னாடியே ஏன்டா பிரேக் விட்டுட்ட?" என்று அவர் திட்டினால், வேகம் குறைக்கிற இடத்தில் உங்கள் மூச்சு தீர்ந்துபோகிறது என்று அர்த்தம். அதைவிடத் துல்லியமாக எந்த ஆப்பும் சொல்லாது.

தூரத்தில் மவுத் ஆர்கன் தெரிந்த ஆள் கிடைத்தால் அவருக்குப் பதிவை அனுப்புங்கள், போன் அழைப்பில் வாசித்துக் காட்டாதீர்கள். அழைப்பு பேச்சுக்காகச் செய்தது, நீண்ட ஸ்வரத்தை அது சிதைத்துவிடும். அனுப்பும்போது முப்பது விநாடிக்குள் வெட்டி, எந்த ஸ்கேல் கருவி, எத்தனையாவது துளை, என்ன எடுக்கப் பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். "மூணாம் துளையில த எடுக்கறேன், நி-லேயே நின்னுடுது, நாக்கு எங்கே இருக்கணும்?" என்று கேட்டால் பதில் வரும். "பாத்துச் சொல்லுங்க சார்" என்று கேட்டால் கட்டைவிரல்தான் வரும்.

திரும்பி வருகிற பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் ஐந்து குறையைத் திருத்தப் போனால் ஐந்தும் அரைகுறையாக நிற்கும். இரண்டு பேர், ஒருவரை ஒருவர் கேட்காமலே, ஒரே இடத்தைச் சுட்டினால் அதிலிருந்து தொடங்குங்கள். மற்றதை எழுதி வையுங்கள், அதற்கு அடுத்த வாரம் இருக்கிறது.

அந்தப் பையன் கிறிஸ்துமஸுக்கு வாசித்தான். ஆறாம் துளையிலிருந்துதான், மூன்றாம் துளை இன்னும் வரவில்லை. இப்போது டி மவுத் ஆர்கன் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறான், கொயரை ஏன் கீழே இறக்கணும் என்று. போன வாரம் அனுப்பிய பதிவில் கூடவே ஒரு வரி எழுதியிருந்தான்: "அண்ணே, சூப்பர்னு சொல்லாதீங்க. எட்டாவது விநாடியில என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க."